ஏட்டிலிருந்து வாழ்வுக்கு: காந்தியடிகள் பல சமயங்களிடம் கற்ற பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சமயங்களைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கு இப்பழமொழி பெரிதும் பொருந்தும். 'எம்மதமும் சம்மதம்' என்று மேடையிலே சொல்லாதவர் நம்மிடையே இல்லை. 'சமய ஒற்றுமை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி வகுப்பிலே சொன்னால், மாணவர்கள் நான்கு சமயங்களின் பெயரையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி, எல்லா நதிகளும் ஒரே கடலிற் கலப்பதாக முடித்துவிடுவார்கள். புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால், அயல் வீட்டாருடைய சமயத்திலிருந்து நாம் கற்ற ஒரு கருத்தாவது நமது காலைப் பொழுதையோ, பணம் செலவிடும் முறையையோ, கோபம் கொள்ளும் வழக்கத்தையோ சற்றேனும் மாற்றியதுண்டா என்று கேட்டால், நம்மிற் பலர் மௌனமாக இருக்கவேண்டியவர்களே.

இந்தக் கேள்விக்குத் தமது வாழ்நாள் முழுவதையும் விடையாக வைத்துச் சென்றவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவரை அரசியல் தலைவராக நாம் நன்கு அறிவோம். பிற சமயங்களை அவர் எவ்வாறு கற்றார், கற்றதை ஒரு நாளின் எந்த மணித்தியாலத்தில் வைத்து நடைமுறைப்படுத்தினார் என்பதையே இன்று நோக்க விரும்புகின்றேன். இதற்கு வேண்டிய சான்றுகளை அவரே 'சத்திய சோதனை' என்ற சுயசரிதையில், தமது குறைகளையும் மறையாது, எழுதி வைத்திருக்கின்றார்.

வீட்டிலே தொடங்கிய கல்வி

காந்தியடிகள் 1869இல் போர்பந்தரிலே ஒரு வைணவ வணிக குலத்திற் பிறந்தவர். தாயார் புத்லிபாய் விரதங்களிலே ஊறியவர். மழைக்காலத்து நான்கு மாதங்களுள் ஒரு முறை, சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்று அவர் நோன்பு பூண்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் ஓடிச்சென்று தாயாரை அழைப்பார்கள். அவர் வெளியே வருவதற்குள் முகில் மூடிவிடும். இன்று நான் உண்பதை இறைவன் விரும்பவில்லை என்று சிரித்தபடியே வேலைக்குத் திரும்பிவிடுவாராம். விரதம் என்பது முகச்சுளிப்பின்றிச் செய்யப்படவேண்டியது என்பதை அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட இடம் இதுவே.

தந்தையார் கரம்சந்த் நோயுற்றிருந்தபோது அவருக்குப் பணிவிடை செய்தவர் இளம் மோகன்தாஸ். தந்தையாரைப் பார்க்கச் சமணத் துறவிகள் வருவார்கள். முஸ்லிம் நண்பர்களும் பார்சி நண்பர்களும் வருவார்கள். அவரவர் தத்தம் சமயத்தைப் பற்றிப் பேசுவார்கள். தந்தையார் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருப்பார். அருகிலே நின்ற மகனின் காதிலும் அது விழும். பிற சமயம் பற்றிய அவரது முதற்கல்வி நோயாளியின் படுக்கையருகே கிடைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் அக்காலத்தில் எல்லாச் சமயங்களிடத்தும் அவருக்கு மதிப்பு ஏற்பட்டுவிடவில்லை. உயர்நிலைப் பாடசாலைக்கு அருகே தெருமுனையில் நின்ற போதகர்கள் இந்துக்களையும் இந்துத் தெய்வங்களையும் இகழ்ந்து பேசியதைக் கேட்டு, கிறிஸ்தவத்தின்மீது அவருக்கு வெறுப்பே உண்டாயிற்று. ஒரு சமயத்தைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம், அதை நமக்குக் கொண்டுவந்து தருபவரின் நாக்கைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

இலண்டனும் பிரிட்டோரியாவும்

1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்து செல்லுமுன், மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாருக்கு அவர் வாக்களித்தார். அந்தச் சத்தியத்தைச் செய்வித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி. வைணவத் தாயின் கவலையைத் தீர்க்கச் சமணத் துறவியொருவர் முன்வந்தார். மகன் அதனைக் காத்தார்.

இலண்டனிலே பிரம்மஞான சபையைச் சேர்ந்த சகோதரர் இருவர், எட்வின் ஆர்னல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பகவத்கீதையைத் தம்மோடு சேர்ந்து படிக்கும்படி அவரை அழைத்தனர். சமஸ்கிருதத்திலோ தாய்மொழியாகிய குஜராத்தியிலோ அதுவரை கீதையைப் படித்திராத இந்து இளைஞர் வெட்கத்தோடு அவர்களுடன் அமர்ந்தார். ஆர்னல்ட் புத்தபிரானின் வரலாற்றைப் பாடிய 'ஆசியாவின் ஜோதி'யையும் ஆவலோடு படித்தார். மரக்கறி உணவு விடுதியிலே சந்தித்த மான்செஸ்டர் நகரத்துக் கிறிஸ்தவர் ஒருவர் பைபிளைத் தந்தார். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள் அவருக்கு நித்திரையையே வரவழைத்தன. ஆனால் இயேசுபிரானின் மலைப்பிரசங்கம் நேரே நெஞ்சிற் பாய்ந்தது. தெருமுனைப் போதகர் ஏற்படுத்திய கசப்பு அன்றோடு கரைந்தது. நபிகள் நாயகத்தைப் பற்றிக் கார்லைல் எழுதியதைப் படித்து, அப்பெருமானின் வீரத்தையும் எளிய வாழ்வையும் அறிந்துகொண்டதும் இக்காலத்திலேதான்.

1893இல், தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் வழக்குக்காகத் தென்னாபிரிக்கா சென்றார். அங்கே பிரிட்டோரியா நகரில் கோட்ஸ் என்ற குவேக்கர் நண்பர் வாய்த்தார். காந்தியடிகளின் கழுத்திலே கிடந்த துளசிமணி மாலையைக் கண்டு, இது மூடநம்பிக்கை, அறுத்தெறிந்துவிடுகிறேன் என்றார் கோட்ஸ். இது தாயார் அன்போடு அணிவித்தது. தானாகத் தேய்ந்து அறுமானால் புதிது தேடமாட்டேன். ஆனால் காரணமின்றி அறுக்கவும் மாட்டேன் என்பதே காந்தியடிகளின் பதில். நட்பு முறியவில்லை. கோட்ஸ் தந்த நூல்களையெல்லாம் அவர் தொடர்ந்து படித்தார்.

அதே ஊரில் வேறொரு கிறிஸ்தவர், மனிதர் பாவத்தைத் தவிர்க்கவே முடியாது, அதன் சுமையை இரட்சகர் ஏற்றுக்கொண்டார் என்று நம்பினாற் போதும் என்றார். பாவத்தின் விளைவிலிருந்து விடுதலையை நான் தேடவில்லை, பாவத்திலிருந்தே விடுதலையைத் தேடுகின்றேன் என்று காந்தியடிகள் விடையளித்தார். பிற சமயத்திலிருந்து எதை எடுப்பது, எதை மரியாதையோடு விடுவது என்று தெரிந்துகொள்ள அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அது நடத்தையைத் திருத்துமா என்பதே அந்த அளவுகோல்.

கடையிலே இருந்த ஞானி

இத்தகைய உரையாடல்களால் உள்ளம் கலங்கிய வேளையில் அவர் நாடியது ராய்சந்த்பாய் என்ற சமணரை. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியவுடன் பம்பாயிலே அறிமுகமானவர். காந்தியடிகளிலும் இரண்டே வயது மூத்தவர், இரத்தின வியாபாரி. பெருந்தொகையான வணிகத்தைப் பேசி முடிப்பார். முடித்த மறுகணமே சமய நூலையோ குறிப்பேட்டையோ திறந்துவிடுவார். கடையும் ஞானமும் அவருக்கு இரண்டாக இருக்கவில்லை. காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலிருந்து 27 கேள்விகளை எழுதி அனுப்பினார். ஆன்மா, இறைவன், மோட்சம், கிறிஸ்தவம் முதலியவற்றைப் பற்றிய அக்கேள்விகளுக்கு 1894 ஒக்டோபரிலே பதில் வந்தது. சமணரின் அந்தப் பதில், தமது சமயத்திலேயே நின்று தேடலாம் என்ற அமைதியை ஒரு வைணவருக்குத் தந்தது.

அக்காலத்திலேயே ரோல்ஸ்ரோயின் 'இறைவனின் இராச்சியம் உன்னுள்ளே' என்ற நூலும் அவரை ஆட்கொண்டது. தமிழராகிய எமக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. பிற்காலத்தில், 1908இல், ரோல்ஸ்ரோய் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்திலே திருக்குறளின் இன்னா செய்யாமைக் கருத்துகளை எடுத்தாண்டார். அக்கடிதத்தைக் காந்தியடிகள் வெளியிட்டார். ஒரு ருஷ்யக் கிறிஸ்தவரின் கடிதமும் குஜராத்தி வைணவர் ஒருவரைத் திருவள்ளுவர் பக்கம் திருப்பிற்று.

தடுமாறிய இடம்

நேயர்களே, இதுவரை கேட்டவை நூல்களும் நண்பர்களும் பற்றியவை. கற்ற கருத்து வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது என்ன நடக்கிறது என்பதே சோதனை. அந்தச் சோதனையிலே காந்தியடிகளும் இடறினார்.

1898இல் டர்பன் நகரிலே அவருடைய வீட்டில் அலுவலக எழுத்தர்கள் சிலரும் தங்கியிருந்தனர். அறைகளிலே வைக்கப்பட்ட மலசலப் பாத்திரங்களைக் கணவனும் மனைவியுமே சுத்தம் செய்வர். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பாத்திரத்தை எடுக்கக் கஸ்தூரிபாய்க்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துச் சென்றார். அதனையும் மகிழ்ச்சியோடு செய்யவேண்டுமென்று கணவர் இரைந்தார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்ல, அவரைக் கையிற் பிடித்து இழுத்துச் சென்று வாயிற்கதவைத் திறந்து வெளியே தள்ள முனைந்தார். அந்நிய நாட்டில் நான் எங்கே போவேன், வெட்கமில்லையா என்று கஸ்தூரிபாய் அழுதபோதுதான் அவருக்கு அறிவு தெளிந்தது.

தீண்டாமை தீது என்பது உயர்ந்த கொள்கை. அன்று அக்கொள்கை அவரிடம் இருந்தது, அன்பு இருக்கவில்லை. அகிம்சையைப் பற்றிச் சமணரிடமும் கிறிஸ்தவரிடமும் கற்றவர், அதனைத் தம் மனைவியிடம் கடைப்பிடிக்கத் தவறினார். சமயக் கருத்தைப் பிறர்மேல் ஏவுவது எளிது, தன்மேல் ஏவுவது கடினம் என்ற உண்மையை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாக உரைக்கும் வேறொன்று அவர் வரலாற்றில் இல்லை எனலாம். அதனை மறைக்காது எழுதியமையே அவரது பெருமை.

பல் துலக்கும் நேரம்

1903 அளவில் ஜொகன்னஸ்பேர்க் நகரிலே சட்டத்தரணியாக அவர் பெரும் வேலைப்பளுவோடு இருந்தார். பிரம்மஞான சபை நண்பர்களோடு கீதையை ஆழ்ந்து கற்க ஆவல். நேரமோ இல்லை. காலைக்கடன்களுக்கு அவருக்கு 35 நிமிடம் வேண்டியிருந்தது. பல் துலக்க 15 நிமிடம், நீராட 20 நிமிடம். பல் துலக்கும்போது எதிரேயுள்ள சுவரிலே கீதைச் சுலோகங்களை எழுதிய தாள்களை ஒட்டிவைத்து மனனம் செய்தார். நீராடும்போது முன்பு படித்தவற்றை மீட்டார். இவ்வாறு 13 அத்தியாயங்கள் நெஞ்சிற் பதிந்தன.

நேரமில்லை என்பதே நம் அனைவரதும் முறைப்பாடு. நேரம் கிடைத்தாற் சமய நூல் படிக்கலாம் என்று ஓய்வூதியக் காலத்துக்கு ஒத்திவைப்பவர் பலர். அவர்களுக்கு அந்தச் சுவர்த் தாள்கள் நல்ல பதில்.

மனனம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. கீதையிலே கண்ட அபரிக்கிரகம், சமபாவம் என்ற இரு சொற்கள் அவரை உறங்கவிடவில்லை. பற்றின்றி, உடைமையின்றி வாழ்வது எப்படி? மனைவி மக்களும் உடைமைதானா? இதற்கு விடை கிடைத்தது ஆங்கிலச் சட்ட நூலிலே. ஸ்னெல் என்பவர் எழுதிய நூலிற் படித்த 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்ற கருத்து நினைவுக்கு வந்தது. பெருஞ்செல்வம் கையிலிருந்தாலும் அதில் ஒரு காசையும் தனதென்று எண்ணாதவனே நம்பிக்கைப் பொறுப்பாளன். கீதையின் சொல்லுக்கு ஆங்கிலச் சட்டம் உரை எழுதியது. பயன் என்ன? பம்பாயிலே எடுத்திருந்த 10,000 ரூபாய் ஆயுட்காப்புறுதியைக் கைவிட்டார். இனித் தமது சேமிப்பு சமூகத்துக்கே உரியது என்று தமையனாருக்கு எழுதினார். தமையனார் மனம் நொந்தார். குடும்பத்தினருக்கு இது இலேசான முடிவாக இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. நாமெல்லோரும் காப்புறுதியைக் கைவிடவேண்டுமென்பதும் பொருளன்று. படித்த சொல் பணப்பையைத் தொட்டது என்பதே இங்கே கவனிக்கவேண்டியது.

நோன்பைப் பகிர்ந்த பண்ணை

1910இல், கலன்பாக் என்ற ஜேர்மன் யூத நண்பர், ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் கொடுத்தார். அதுவே ரோல்ஸ்ரோய் பண்ணை. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தனர். தமிழர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த சொற்பத் தமிழைக் காந்தியடிகளே கற்பித்தார்.

பொதுச் சமையலறையில் என்ன சமைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மாமிசம் கேட்டால், அது மாட்டிறைச்சியாயினும், கொடுப்பதே தமது கடமை என்று அவர் முடிவு செய்தார். பின்னர் அவர்களிடமே மனந்திறந்து கலந்து பேசினார். எல்லாரும் தாமாகவே மரக்கறி உணவுக்கு இசைந்தனர். டர்பன் வீட்டில் இரைந்தவரா இவர் என்று நாம் வியக்கலாம். 12 ஆண்டுகளில் அவர் கற்றது, கட்டளையிடுவதை விடுத்துக் கேட்பதையே.

றமழான் மாதம் வந்தது. முஸ்லிம் பிள்ளைகளை நோன்பு நோற்க ஊக்குவித்தார். அத்தோடு இந்து, பார்சி, கிறிஸ்தவப் பிள்ளைகளையும் அவர்களோடு சேர்ந்து ஒருபொழுது இருக்கும்படி கேட்டார். பிறர் செய்யும் தியாகத்திலே பங்குகொள்வது எவர்க்கும் நன்று என்று விளக்கினார். மற்றப் பிள்ளைகள் எல்லா விதிகளையும் அப்படியே பின்பற்றவேண்டியிருக்கவில்லை. அவர்கள் சூரியன் மறையுமுன் உண்டு முடித்துவிடுவார்கள். பின்னர், நோன்பு திறக்கும் முஸ்லிம் தோழர்களுக்கு உணவு சமைத்துப் பரிமாறுவார்கள். இதனால் யாருடைய சமயமும் மாறவில்லை. ஆனால் பசி என்றால் என்ன, அயலான் பசித்திருக்கும்போது நான் செய்யவேண்டியது என்ன என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் வயிற்றினாற் கற்றனர்.

பதினொரு விரதங்கள்

இந்தியா திரும்பி 1915இல் அகமதாபாத்தில் ஆச்சிரமம் அமைத்தபோது, இப்படிக் கற்றவையெல்லாம் விரதங்களாக உருப்பெற்றன. 1930இல் எரவாடாச் சிறையிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் ஆச்சிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில் அவற்றை விளக்கினார். சத்தியம், அகிம்சை, பிரமசரியம், களவாமை, உடைமை சேர்க்காமை ஆகிய ஐந்தும் சமணரின் மகாவிரதங்கள். பதஞ்சலியின் யோக நூலிலும் உள்ளவை. நாவடக்கம் அவற்றோடு சேர்ந்தது. உடலுழைப்பு ரோல்ஸ்ரோயும் ரஸ்கினும் காட்டியது. அஞ்சாமை, சுதேசி, தீண்டாமை ஒழிப்பு என்பன தொடர்ந்தன. இறுதியில் வைத்தது சர்வசமய சமபாவம். 'சகிப்பு' என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. சகிப்பவன் மற்றவன் சமயத்தைத் தனதிலும் தாழ்ந்ததென எண்ணக்கூடும் அல்லவா?

திங்கட்கிழமைகளில் அவர் கைக்கொண்ட மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1895 அளவில் நேட்டாலிலே மரியன்ஹில் என்னுமிடத்திலுள்ள ட்ரப்பிஸ்ற் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தை அவர் பார்த்தார். மௌனமும் உடலுழைப்பும் எளிய உணவுமாக வாழ்ந்த அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். மௌனத்தின் பயனைச் சொல்லும்போது பின்னாளிலும் அவர்களை நினைவுகூர்ந்தார்.

இலங்கையிலே

1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்கு அவரை வரவழைப்பதிலே மாணவர் காங்கிரஸ் முன்னின்றது. கதர் நிதிக்காக ஊர் ஊராகச் சென்ற அவர், பௌத்தரிடையே புத்தபிரானின் கருணையைப் பற்றியும், கிறிஸ்தவரிடையே மலைப்பிரசங்கத்தைப் பற்றியும், இந்துக்களிடையே தீண்டாமையைப் பற்றியும் பேசினார். அவரவர் சமயத்தின் புகழைப் பாடிவிட்டுச் செல்லவில்லை. உங்கள் குரு சொன்னதை நீங்கள் செய்கின்றீர்களா என்று அவரவரையே கேட்டார். அந்தக் கேள்வி எமது ஊர்க் கோவில் வாசல்களிலே நெடுங்காலம் பதிலின்றி நின்றது என்பதை வரலாறறிந்தவர் மறுக்கமாட்டார்.

கொடுத்த விலை

ஆச்சிரமப் பிரார்த்தனையிலே காலப்போக்கில் கீதையோடு திருக்குர்ஆனும், பார்சிகளின் வேதமும், ஜப்பானியப் பௌத்தரின் மந்திரமும், கிறிஸ்தவப் பாடல்களும் இடம்பெற்றன. அமைதிக்காலத்தில் இதனை எல்லாரும் பாராட்டினர். 1947 ஏப்ரலிலே, கலவரத்தீ மூண்டிருந்த வேளையில், டில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் குர்ஆன் ஓதுவதற்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஓதுவதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்திருக்கலாம். அவர் முழுப் பிரார்த்தனையையுமே நிறுத்தினார். ஒன்றை விலக்கினால் எல்லாம் விலகும் என்பதே அவர் நிலை. எதிர்த்தவரைப் பலவந்தமாக அகற்றவும் விடவில்லை. அடுத்த ஆண்டு, 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, அத்தகைய ஒரு பிரார்த்தனைக்கு நடந்து செல்லும்போதே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காந்தியடிகளின் சோதனைகள் யாவும் நமக்கு ஏற்றவையல்ல. சிலவற்றை அவரது அன்பர்களே ஏற்கவில்லை. ஆயினும் அவர் கற்ற முறையை எவரும் கைக்கொள்ளலாம். ஒரு சமயத்தின் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொள்ள அவர் முயலவில்லை. ஒன்றை எடுத்தார்; அதற்கு நாளிலே ஓர் இடம் கொடுத்தார்; முதலிலே தம்மீது பரீட்சித்தார்; பிறர்க்குச் சொல்ல நேர்ந்தபோது கேட்டு இசைவு பெற்றார். தாயார் அணிவித்த துளசி மாலையையும் அவர் அறுக்கவில்லை.

கோவில் மணியும் விகாரையின் பிரித்தும் பள்ளிவாசலின் பாங்கும் தேவாலய மணியும் ஒரே காலையில் நம் காதில் விழுகின்ற நாடு இது. இத்தனை ஓசைகளுக்கு நடுவே வாழ்ந்தும் ஒருவர் பயத்தை மற்றவர் அறியாது பட்ட துயரங்கள் போதும். அயல் வீட்டார் நோன்பிருக்கும் நாளில் அவர்களுக்காக ஒரு வேளை சமைத்துக் கொடுப்பது பெரிய தத்துவம் அன்று. ரோல்ஸ்ரோய் பண்ணையிலே சிறு பிள்ளைகள் செய்த காரியம் அது.